பிள்ளை பள்ளிக்குப் போகிறது. படிக்கிறதா?

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் ஜவுன்பூர் என்று ஒரு மாவட்டம் உள்ளது. காசிக்குப் பக்கத்து மாவட்டம். கோமதி ஆறு அதன் வழியே ஓடுகிறது. ஆற்றின் மேல் அக்பர் காலத்துக் கல்பாலம் ஒன்று இன்றும் நிற்கிறது. ஜவுன்பூர் முள்ளங்கி பேர் போனது. முழங்கை நீளத்துக்கும் மேல் வளரும்.

நாம் பார்க்கப் போவது பாலத்தையும் முள்ளங்கியையும் அல்ல. அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்பை.

2005ஆம் ஆண்டு ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் ஒரு வேலை நடந்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அதைச் செய்தது. சில ஆராய்ச்சியாளர்களும் கூடச் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். பின்னாளில், 2019இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்கள். அன்று அவர்கள் கேட்ட கேள்வி மிகச் சிறியது. "பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிகிறதா?"

பள்ளிக்குப் போகிறார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். படிக்கத் தெரிகிறதா என்று உட்கார வைத்துக் கேட்டவர்கள் குறைவு.

ஒரே ஒரு தாள்

அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். கையில் ஒரே ஒரு தாள். அதில் நான்கு பகுதிகள். ஒன்றில் தனி எழுத்துகள். ஒன்றில் எளிய சொற்கள். ஒன்றில் நாலு வரிப் பத்தி. கடைசியில் ஒரு சின்னக் கதை. பரிசோதனை இவ்வளவுதான்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாலை நேரம். வாசலில் கயிற்றுக் கட்டில். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி தாளோடு வருகிறாள்.

"சித்தி, உங்க பையன் எத்தனாவது படிக்கிறான்?"

"நாலாவது."

"நல்லாப் படிக்கிறானா?"

"படிக்காம என்ன? தினமும் பள்ளிக்கூடம் போறான். நோட்டு நிறைய எழுதி வச்சிருக்கான்."

"தம்பி, இங்க வா. இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

பையன் தாளை வாங்குகிறான். பத்தியைப் பார்க்கிறான். வாய் திறக்கவில்லை. அவள் சொற்கள் இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். இரண்டு எழுத்தைத் தனித்தனியாகச் சொல்கிறான். சேர்த்துச் சொல்ல வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வருகிறாள்.

"நோட்டு நோட்டா எழுதியிருக்கியேடா!"

"பலகையைப் பார்த்து எழுதினேம்மா."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் உள்ள விஷயம் கற்பனை இல்லை. ஜவுன்பூரில் பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்றே நம்பியிருந்தார்கள். பிள்ளைக்குத் தெரியாது என்பது தாளைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. இதில் பெற்றோரைக் குறை சொல்ல இடமில்லை. படிக்கத் தெரியாத தாய்க்கு நோட்டைப் பார்த்தால் எழுத்து நிறைய இருப்பதுதான் தெரியும். அதைப் பிள்ளை படிப்பானா என்பது எப்படித் தெரியும்? பார்த்து எழுதுவது ஒரு வேலை. படிப்பது வேறு வேலை.

கணக்கு இப்படி வந்தது. 7 வயது முதல் 14 வயது வரை உள்ள 100 பிள்ளைகளில் 15 பேருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. முதல் வகுப்பு அளவில் உள்ள ஒரு சின்னக் கதையைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் 39 பேர்தான். 14 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளின் கணக்கு இது என்பதை நினைவில் வையுங்கள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வகுப்பில் பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து படித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். அறிவியல் பாடமும் படிக்க வேண்டும். கணக்கில்கூட கேள்வியைப் படித்தால்தான் விடை போட முடியும். படிக்க வராத பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் சொல்வது காதில் விழும். புத்தகம் மட்டும் ஊமையாக இருக்கும். இப்படி மூன்று வருடம் உட்கார்ந்த பிள்ளை ஒரு நாள், "எனக்குப் படிப்பு வரலை, நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லும். வீட்டிலும் அதை நம்பிவிடுவார்கள். மண்டையில் ஏறவில்லை என்பார்கள். ஏற்றினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

கூட்டம் போட்டால் போதுமா?

உத்தரப் பிரதேசத்தில் அப்போது ஊருக்கு ஊர் கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருந்தது. ஊராட்சித் தலைவர், தலைமை ஆசிரியர், பெற்றோர் மூன்று பேர். பள்ளியைக் கவனிக்கும் பொறுப்பு இந்தக் குழுவுக்கு இருந்தது. குறை இருந்தால் மேலிடத்துக்கு எழுதலாம். பணமும் குழுவின் கை வழியாக வந்தது.

காகிதத்தில் எல்லாம் சரி. ஊரில் போய்க் கேட்டால் வேறு கதை. இப்படி ஒரு குழு இருப்பதே 100 பெற்றோரில் 8 பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. குழுவில் உறுப்பினராக இருந்தவர்களிலேயே ஏறக்குறைய கால் பங்குப் பேருக்கு, தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது! யாரோ பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆகவே பிரதம் தொண்டர்கள் முதலில் கூட்டம் போட்டார்கள். தெருத் தெருவாகச் சின்னக் கூட்டம். பிறகு ஊர் முழுவதற்கும் ஒரு பெரிய கூட்டம். ஒரு கூட்டத்துக்குச் சராசரியாக நூறு பேருக்கு மேல் வந்தார்கள். பள்ளிக்கு என்ன வருகிறது, குழுவுக்கு என்ன உரிமை என்று பேசினார்கள்.

கிராமங்களை நான்கு பங்காகப் பிரித்திருந்தார்கள். எதனால் பலன் வருகிறது என்று பார்க்க அப்படிச் செய்தார்கள். ஒரு பங்கில் கூட்டம் மட்டும். இன்னொரு பங்கில் கூட்டத்தோடு, ஊர்க்காரர்களே அந்த ஒரு தாளைக் கொண்டு பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பழக்கினார்கள். ஊர்ப் பிள்ளைகளின் நிலையை ஓர் அட்டையில் எழுதச் செய்தார்கள். மூன்றாவது பங்கில் இவற்றோடு, விருப்பமுள்ள இளைஞர்களுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தப் பயிற்சியும் கொடுத்தார்கள். நான்காவது பங்கில் ஒன்றும் செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்தார்கள்.

ஒரு வருடம் கழிந்தது. 2006இல் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்.

கூட்டம் மட்டும் நடந்த கிராமங்களில் பிள்ளைகளின் படிப்பு மாறவில்லை. கூட்டத்தோடு அட்டையும் எழுதிய கிராமங்களிலும் மாறவில்லை. ஆசிரியர் வருகையும் கூடவில்லை. பெற்றோர் பள்ளிக்குப் போய்க் கேட்பதும் கூடவில்லை. கூட்டத்தில் அவ்வளவு பேசினார்களே! வருத்தப்பட்டார்களே! அது எங்கே போயிற்று?

இதைப் படித்ததும் மக்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு கூலித் தொழிலாளி தலைமை ஆசிரியர் முன்னால் போய் நின்று, "என் பிள்ளைக்கு ஏன் சொல்லித் தரவில்லை?" என்று கேட்பது சின்ன வேலை இல்லை. ஒரு நாள் கூலி போகும். தனியாகப் போனால் மரியாதை கிடைக்காது. நாளைக்குப் பிள்ளை அதே பள்ளியில்தான் உட்கார வேண்டும். ஒரு முறை கேட்டால் தீர்ந்தும் விடாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கூட்டம் இதற்கெல்லாம் வழி சொல்லவில்லை.

மூன்றாவது பங்கில் நடந்தது

வாசிப்பு வகுப்பு நடந்த கிராமங்களில் வேறு மாதிரி இருந்தது. ஊர் இளைஞர்கள் முன்வந்தார்கள். ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. ஏதோ கொஞ்சம் படித்த பிள்ளைகள். நான்கைந்து நாள் பயிற்சி. சம்பளம் கிடையாது. பள்ளி விட்ட பிறகு வகுப்பு. ஏறக்குறைய 7,500 பிள்ளைகள் இந்த வகுப்புகளில் சேர்ந்தார்கள்.

பலன் என்ன? ஓர் எழுத்தும் தெரியாமல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒரு வருடத்தில் எழுத்து படித்தார்கள். எழுத்து மட்டும் தெரிந்து வந்தவர்களில் பலர் கதை படிக்கும் அளவுக்கு முன்னேறினார்கள். சம்பளமும் பட்டமும் இல்லாத தொண்டர்கள் செய்த வேலை இது.

தேவைப்பட்ட எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாடு மேய்க்கிற பிள்ளையும், தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையும் மாலை வகுப்புக்கு எப்படி வரும்? இது பெரிய குறைதான். பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றே. அங்கே நடந்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

எப்படிச் சொல்லித் தந்தார்கள்?

முதல் வேலை பிரிப்பது. வயதைப் பார்க்கவில்லை. எத்தனாம் வகுப்பு என்றும் பார்க்கவில்லை. தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்து தெரியாதவர்கள் ஒரு குழு. எழுத்து தெரிந்து, சொல் படிக்க வராதவர்கள் ஒரு குழு. சொல் படிப்பவர்கள் ஒரு குழு. நாலாம் வகுப்புப் பையனும் இரண்டாம் வகுப்புப் பெண்ணும் ஒரே குழுவில் இருக்கலாம். பெரிய பையனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இரண்டு நாளில் போய்விடும். தனக்குப் புரிகிற பாடம் கிடைக்கிறதே!

அடுத்து, உயிர்மெய் அட்டவணை. இந்தியில் அதற்குப் பாரகடி என்று பெயர். க, கா, கி, கீ என்று வரிசையாக இருக்கும். நம் அட்டவணை போலத்தான். பிள்ளைகள் தினமும் அதை விரல் வைத்துப் படித்தார்கள். மேலிருந்து கீழே ஒரு நாள். இடமிருந்து வலமாக ஒரு நாள். பிறகு அதிலிருந்து எழுத்தைப் பொறுக்கிச் சொல் அமைப்பார்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்து எழுதி, அதன் மேல் குதிப்பார்கள். "கா" என்றால் "கா" மேல் குதிக்க வேண்டும்.

இந்தப் பாடத்தைப் படிக்கும் பலர் வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்கள். உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247 எழுத்துகள். 247ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்தா கற்றீர்கள்? இல்லை. "க" தெரிந்தது. துணைக்கால் போட்டால் "கா" என்று தெரிந்தது. பிறகு "ம" பக்கத்தில் துணைக்காலைப் பார்த்ததும் "மா" தானாக வந்தது. பிள்ளைக்கும் இந்தச் சூட்சுமம்தான் பிடிபட வேண்டும். ஒரு முறை பிடிபட்டால் மளமளவென்று போகும்.

தடுக்குகிற இடமும் ஒன்றேதான். "கெ", "கே", "கை" எழுதும்போது குறி எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. "கொ"வில் முன்னும் பின்னும் நிற்கிறது. காது ஒன்று கேட்க, கண் வேறு வரிசையைப் பார்க்கிறது. இந்தியில் "கி" எழுதும்போது குறி முன்னால் வரும். அங்குள்ள பிள்ளைகளும் அதில்தான் தடுக்கி விழுவார்கள். இதற்காகப் பிள்ளையின் தலையில் குட்டக் கூடாது. இந்த எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்து நாலு நாள் விளையாட வேண்டும்.

மூன்றாவது, கதை. தினமும் ஒரு சின்னக் கதையைத் தொண்டர் சத்தமாகப் படிப்பார். விரல் வரியின் மேல் போகும். பிள்ளைகள் கூடவே பார்ப்பார்கள். பிறகு கதையைப் பற்றிப் பேச்சு. "யானை ஏன் ஓடிச்சு?" "நீயா இருந்தா என்ன செய்வே?" எழுத்தே தெரியாத பிள்ளையும் இந்தப் பேச்சில் சேரும். எழுத்துக்குள் கதை இருக்கிறது என்பது தெரிந்தால்தான் எழுத்தின் மேல் ஆசை வரும். எழுத்தை முடித்துவிட்டுத்தான் கதை என்று காத்திருந்தால் பிள்ளை ஓடிவிடும்.

இது எங்கிருந்து வந்தது?

பிரதம் தொடங்கியது 1995இல், மும்பையில். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மாதவ் சவான். வேதியியல் படித்தவர். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே 5 அன்று தொடங்கியது. அந்த நாட்களில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் எழுத்தறிவு வேலை செய்தவர் அவர். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த அனுபவம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

மும்பையிலும், குஜராத் மாநிலம் வதோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் "பால்சகி" என்று ஒரு திட்டம் நடந்தது. பிள்ளைகளின் தோழி என்று பொருள். அந்தந்தப் பகுதியிலேயே வசிக்கும் இளம் பெண்கள். உயர்நிலைப் படிப்பு முடித்தவர்கள். இரண்டு வாரப் பயிற்சி. மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை கொடுத்தார்கள். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துக்கொண்டு போவார்கள். அறை இல்லாத இடத்தில் நடைவழியில்கூட உட்கார்ந்தார்கள். 2001 முதல் 2003 வரை இதைப் பரிசோதித்தார்கள். பின்தங்கிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள்.

ஆசிரியர் செய்ய முடியாதா?

முடியும். பீகார் மாநிலத்தின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் அது தெரிந்தது. 1917இல் காந்தியடிகள் அவுரி விவசாயிகளுக்காகப் போராடிய சம்பாரண் அது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் அங்கே பள்ளிகளும் திறந்தார். அந்த மண்ணில் 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாதம் வாசிப்பு முகாம் நடத்தினார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும், எழுத்தும் சொல்லும் கதையும் மட்டும். பிள்ளைகள் முன்னேறினார்கள்.

ஆனால் பள்ளி திறந்த பிறகு, அதே போன்ற பயிற்சியும் அதே பொருள்களும் கொடுத்தும் ஆசிரியர்கள் தனியாகச் செய்தபோது பலன் தெரியவில்லை. ஏன்? பள்ளி நடக்கும்போது பாடப் புத்தகத்தை முடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு என்றால் மூன்றாம் வகுப்புப் புத்தகம். பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாவிட்டாலும் 12ஆம் பாடம் நடந்தாக வேண்டும். கோடையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆசிரியரை மட்டும் திட்டினால் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அவருக்கு நேரத்தை ஒதுக்கித் தர வேண்டும். பிறகு ஹரியானாவில் அதைச் செய்து பார்த்தார்கள். 2012இல் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த ஒரு மணியில் வகுப்பு கலைந்து, நிலைக்கு ஏற்ற குழுக்கள் உட்காரும். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அரசு ஆசிரியர்களே நடத்தினார்கள். பிள்ளைகளின் இந்தி வாசிப்பு உயர்ந்தது.

தொண்டர் வந்துவிட்டார் என்றால் பள்ளியின் கடமை போய்விடாது. தொண்டருக்குக் கல்யாணம் ஆகும், வேலை கிடைக்கும், ஊரை விட்டுப் போவார். பள்ளி அங்கேயே இருக்கும்.

நாடு முழுதும் நிலை என்ன? அந்த ஒரு தாளைக் கொண்டு 2005 முதல் கிராமப்புறங்களில் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு "அசர்" என்று பெயர். விளைவு என்பது பொருள். அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தவர்கள் 2018இல் 100க்கு ஏறக்குறைய 21 பேர். கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. 2022இல் அது 16 ஆகக் குறைந்தது. 2024இல் 23 ஆக உயர்ந்தது. நன்றாக ஏறியிருக்கிறது. அப்படியும் நாலில் மூன்று பிள்ளைக்கு மேல் இன்னும் வெளியே நிற்கிறது.

அம்மா படித்தால்

பீகாரின் பூர்ணியா மாவட்டத்திலும், ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்திலும் தாய்மார்களை வைத்து ஒரு முயற்சி நடந்தது. சில ஊர்களில் தாய்மார்களுக்கு எழுத்து வகுப்பு. சில ஊர்களில் வாரம் ஒரு முறை ஒருவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு சேர்ந்து செய்யத் தாய்க்கு ஒரு பயிற்சித் தாள் கொடுத்துப் போவார். சில ஊர்களில் இரண்டும். தாய்மார் கற்றார்கள். பிள்ளைகளும் கொஞ்சம் முன்னேறினார்கள். கொஞ்சம்தான். அதைப் பெரிதாக்கிச் சொல்லக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடந்த ஊர்களில் பலன் சற்றுக் கூடுதல்.

பிள்ளைக்குச் சொல்லித் தரும் அளவுக்கு எனக்கு என்ன தெரியும் என்று ஒரு தாய் நினைக்கலாம். முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிப்பவராக இருக்கலாம். பரவாயில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எனக்குப் படிச்சுச் சொல்லும்மா" என்று கேளுங்கள். பஸ்ஸின் பெயர்ப் பலகை, ரேஷன் கடைப் பலகை, தீப்பெட்டி அட்டை எல்லாம் பாடம்தான். பிள்ளை தடுக்கினால் உடனே சொல்லிவிட வேண்டாம். மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

பள்ளி நம் ஊருடையது

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் உண்டு. ஜவுன்பூரின் பழைய குழுவில் பெற்றோர் மூன்று பேர்தான் இருந்தார்கள். இப்போது நிறையப் பேர் உட்காரலாம். அந்தப் பெயர்ப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயரே இருந்தாலும் இருக்கும்!

குழுக் கூட்டத்தில் பெரும்பாலும் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர், மதிய உணவு பற்றிப் பேச்சு நடக்கும். இவை வேண்டியவைதான். மதிய உணவுக்காக உச்ச நீதிமன்றமே 2001 நவம்பரில் உத்தரவு போட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவு போட வேண்டும் என்றது. ஆனால் சுவரைக் கண்ணால் பார்க்கலாம், சோற்றைத் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளையின் வாசிப்பைப் பார்க்க ஒரு தாள் வேண்டும். கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "மூணாவதுல எத்தனை பிள்ளைங்க கதை படிக்குது, டீச்சர்? படிக்காத பிள்ளைங்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா?" என்று கேட்கலாம். சண்டையாகக் கேட்க வேண்டாம். நாலு பேராகப் போய்க் கேளுங்கள். "சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில பிள்ளைங்க உட்காரலாம். கதைப் புத்தகம் கொடுத்தா போதும்" என்றும் சொல்லுங்கள். கேட்பவர் கொடுக்கவும் வந்தால் ஆசிரியருக்கும் மனம் இளகும்.

தாளை நீங்களே எழுதலாம். முதலில் ஐந்து எழுத்து: க, ம, ப, ர, த. பிறகு ஐந்து சொல்: மரம், படம், வீடு, ஆடு, நிலா. அடுத்து நாலு வரி: "மழை வந்தது. குளம் நிறைந்தது. தவளை கத்தியது. தம்பி சிரித்தான்." கடைசியில் எட்டு வரியில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கதை. எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

நாலு வரியிலிருந்து தொடங்குங்கள். தடங்கல் இல்லாமல் படித்தால் கதையைக் கொடுங்கள். தடுக்கினால் சொற்களுக்கு வாருங்கள். ஐந்தில் நாலு சொல் சரியென்றால் பிள்ளை சொல் நிலையில் இருக்கிறது. அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு வாருங்கள். அங்கும் ஐந்தில் நாலு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால் வைத்துக் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள். "பரீட்சை" என்றும் சொல்லாதீர்கள்.

பிள்ளையின் நிலையைத் தாளின் பின்புறம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். அப்போது இதே தாள் வேண்டாம். பிள்ளை அதை மனப்பாடம் செய்திருக்கும். புதிதாக ஒன்று எழுதுங்கள்.